உலை அணைந்த வாரம்

எங்கள் தொழிற்சாலையின் கண்ணாடி உலையை ஏற்றியது என் கல்யாணத்துக்கு முந்தைய வருடம். அன்றிலிருந்து அது ஒரு நாள்கூட அணைந்ததில்லை. விடுமுறை, வேலைநிறுத்தம், வெள்ளம், எதற்கும் அணைந்ததில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் கணவருடையது. அதனால் ஆலையில் எல்லோரும் உலையை "மூத்தவங்க" என்றுதான் சொல்வார்கள். நான் இளையவள். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு நேரத்தில் யாராவது என்னிடமே வந்து, "மூத்தவங்களுக்கு இன்னிக்கு உடம்பு எப்படி?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா. எனக்குத்தான் புருஷன் முகமே மறந்து போச்சு" என்பேன்.

என் வேலையும் அதே வளாகத்தில்தான், பரிசோதனை அறையில். ஊசி மருந்து அடைக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிகளைத்தான் நாங்கள் செய்தோம். வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்ப்பேன். உள்ளே ஒரு காற்றுக் குமிழ், கழுத்தில் மயிரிழை விரிசல், எது இருந்தாலும் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

உலையை ஏன் அணைக்கக் கூடாது என்று வெளியாட்கள் கேட்பார்கள். உள்ளே கண்ணாடி ஒரு குளம் மாதிரி உருகிக் கிடக்கிறது. தீ நின்றால் அந்தக் குளம் முழுக்க ஒரே பாறையாக இறுகிவிடும். சுற்றியுள்ள செங்கல் வெடிக்கும், மேலே இருக்கும் வளைவு உட்காரும், அத்தோடு உலை செத்தது. நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அடியில் ஒரு துளையைத் திறந்து கண்ணாடியை எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள் வடிய விட வேண்டும். அப்புறம் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைக்க வேண்டும். இதை "இறக்குவது" என்போம். இறக்கிய உலை பிழைத்துக்கொள்ளும், பின்னால் மறுபடி ஏற்றலாம். ஆனால் இறக்கி முடிக்கும்வரை தீ எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அடுப்பை அணைப்பதற்கும் எரிவாயு வேண்டும் என்பதுதான் யாருக்கும் புரியாத விஷயம்.

எரிவாயு எங்களுக்குப் பக்கத்து நாட்டிலிருந்து குழாயில் வந்தது. எங்கள் ஆலையின் மின்வேலைக்காரர் அந்த நாட்டுக்கு "குழாய்க்கார நாடு" என்று பெயர் வைத்திருந்தார். கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய வல்லரசு "கப்பல்கார நாடு". உலகச் செய்தி முழுவதையும் உறவுமுறையில்தான் சொல்வார். அவர் வாய் மூடிப் பார்த்தவர் யாருமில்லை என்பதால் அவருக்கு "ரேடியோ" என்று பெயர்.

எங்கோ இரண்டு கண்டங்களுக்கு அப்பால் இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன. குழாய்க்கார நாடு ஒரு பக்கம் நின்றது, கப்பல்கார நாடு மறுபக்கம் நின்றது. எங்கள் அரசாங்கம் இருவரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியது. சண்டை போட்டவர்களின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத எங்கள் ஊரில் டீசலுக்கு வரிசை நின்றது. ரொட்டி சிறுத்தது. பணத்தின் மதிப்பு வாரத்துக்கு வாரம் இறங்கியது. உலக சபையில் அந்தப் போரைப் பற்றி வாக்கெடுப்பு வந்தபோது எங்கள் பிரதிநிதி எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர் குடிக்கப் போனாராம். திரும்பி வருவதற்குள் இரண்டு பக்கமும் எங்களுக்கு விரோதமாகிவிட்டது.

"சம்பந்தி வீட்டுச் சண்டையில ரெண்டு பேருக்கும் நல்லவனா இருக்கப் பார்த்தா இப்படித்தான். விருந்துக்கும் கூப்பிட மாட்டான், பந்தியிலயும் உட்கார விட மாட்டான்" என்றார் ரேடியோ.

எல்லோரும் சிரித்தோம். அந்த வாரமே குழாயில் அழுத்தம் குறைய ஆரம்பித்தது.

பேச்சுவார்த்தை தொடங்கியது. குழாய்க்கார நாட்டோடு புதிய எரிவாயு ஒப்பந்தம் பேச எங்கள் அமைச்சர் ஒரு குழுவோடு போனார். அந்தக் குழுவில் என் அண்ணன் இருந்தான். என் கூடப் பிறந்தவன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன், மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்தவன். தொலைக்காட்சியில் அமைச்சருக்குப் பின்னால் அவன் தலை தெரிந்தால் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்குத் தனி மரியாதை. யாராவது தேநீர் கொண்டுவந்து வைப்பார்கள்.

அழுத்தம் பாதியாகக் குறைந்த அன்று என் கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் அப்படித்தான் உட்காருவார்.

"இப்பவே இறக்க ஆரம்பிச்சா முடிச்சிடலாம்" என்றார். "குழாயில வர்றது கொஞ்சம், பின்னாடி கேஸ் தொட்டியில சேமிச்சு வச்சிருக்கிறது கொஞ்சம், ரெண்டையும் வச்சு ஒப்பேத்திடுவேன். காத்திருந்து, திடீர்னு குழாயை மூடிட்டான்னா தொட்டி மட்டும் பத்தாது."

"அப்ப இறக்கிட வேண்டியதுதானே?"

"இறக்கினா ஆறு மாசம் ஆலை மூடிக் கிடக்கும். எல்லாரும் வீட்டுக்குப் போகணும். ஆஸ்பத்திரிக்குக் குப்பி யார் கொடுப்பா? அப்படி மூடிட்டு, அடுத்த வாரமே ஒப்பந்தம் ஆயிடுச்சுன்னா? என்னைக் கல்லால அடிப்பாங்க."

"முதலாளி என்ன சொல்றார்?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்னு கையை விரிச்சிட்டார். நல்லது நடந்தா அவர் சொன்னது, கெட்டது நடந்தா நான் சொன்னது." அப்புறம், "உங்க அண்ணனைக் கேளேன்" என்றார்.

அவர் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணனுக்குப் போன் செய்தேன். போனில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறேன் என்றான்.

வந்தான். மெலிந்திருந்தான். கைகழுவிவிட்டு வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிரச் சரியாகச் சாப்பிடவில்லை. ஊர் ஊராக அலைகிறவன், வயிறு சரியில்லை போல என்று நினைத்தேன்.

என் கணவர் சுற்றி வளைக்கவில்லை. "மச்சான், எனக்கு அரசியல் வேண்டாம். உள்விஷயம் எதுவும் வேண்டாம். குழாய் மூடுமா மூடாதா, அது மட்டும் சொல்லுங்க. மூடும்னா நாளைக்குக் காலையிலயே இறக்கிடுவேன். யார் என்ன திட்டினாலும் பரவாயில்லை, உலை பொழைச்சுக்கும்."

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை, வெளியே மூச்சு விடாதீங்க. பேச்சு முடிஞ்ச மாதிரிதான். விலையில மட்டும் கொஞ்சம் இழுபறி. அடுத்த வாரம் கையெழுத்து ஆயிடும்."

"அப்ப இறக்க வேண்டாமா?"

"இறக்காதீங்க." அவர் தோளில் கை வைத்தான். "நான் சொல்றேன்ல."

என் கணவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். பல நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் இரண்டாவது தடவை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. என் வீட்டு ஆள் ஒருவன் ஒரு வார்த்தை சொல்லி ஓர் ஆலையின் கவலையைத் தீர்த்து வைத்துவிட்டான் என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.

மறுநாளிலிருந்து உலையைப் பிடித்து வைக்கும் வேலை. குப்பி வார்க்கும் இயந்திரங்களில் ஒன்றை மட்டும் ஓட்டி மற்றவற்றை நிறுத்தினார். சூட்டைக் கண்ணாடி இறுகாத அளவுக்குக் குறைத்துவிட்டு, பார்வைத் துளை வழியாக, கண் கூசாமல் இருக்க ஒரு நீலக் கண்ணாடியைப் பிடித்து மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். ஆட்கள் கேட்டால், "அடுத்த வாரம் சரியாயிடும்" என்பார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

அடுத்த வாரம் வந்தது. கையெழுத்தும் ஆயிற்று.

மதியச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அமைச்சர் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குழாய்க்கார நாட்டுக்காரர் இல்லை. ரேடியோதான் முதலில் கவனித்தார். "இது கப்பல்காரங்க கொடியாச்சே" என்றார். துறைமுகத்தை அவர்களுடைய போர்க்கப்பல்களுக்குத் திறந்துவிடுகிறோமாம். பதிலுக்குக் கடனாம், நீண்டகால நட்பாம், கப்பலில் எரிவாயுவாம். அந்தக் கப்பல் வந்து நிற்கப் புதுத் துறை கட்டுவதற்கு இரண்டு வருடம் ஆகுமாம். அமைச்சருக்குப் பின்னால் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கறுப்புக் கோட்டு போட்டிருந்தான். கைதட்டினான்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருதரம் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரும் பார்க்கவில்லை. ரேடியோ கூட வாயைத் திறக்கவில்லை.

நான் உலைக்கூடத்துக்கு ஓடியபோது குழாயின் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழுந்திருந்தது. குழாய்க்கார நாட்டுக்காரர்கள் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. என் கணவர் அதற்குள் தொட்டியிலிருந்து எரிவாயுவைத் திருப்பிவிட்டுக் கீழே இறங்கியிருந்தார். "துளையைத் திறங்க, இறக்கிடலாம்" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

துளையைத் திறந்தார்கள். கண்ணாடி செக்கச் சிவந்து வழிந்து தண்ணீரில் விழுந்தது. கூடம் முழுக்க ஆவி. கணக்கர், காவலாளி, பொட்டலம் கட்டுகிற பெண்கள், எல்லோரும் கைகொடுத்தார்கள். முதலாளி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு, எல்லாம் சரியாகிவிடும் என்றே தோன்றியது. பாதிக் குளம் வடிந்திருக்கும். அப்புறம் எரிவாயுத் தொட்டியின் அழுத்தம் குறையக் குறைய, வழிவது தடித்தது. தேன் மாதிரி ஆனது. கயிறு மாதிரி ஆனது. கம்பியை விட்டுக் குத்தினார்கள், துளை ஓரத்தில் தனியாகத் தீ வைத்துச் சூடேற்றினார்கள். மறுநாள் மதியம் எரிவாயுத் தொட்டி காலியானது. கயிறு அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

எல்லோரும் உலையைச் சுற்றி நின்றோம். உள்ளே முதல் செங்கல் வெடித்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் அடுத்தடுத்து. என் கணவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தார். கடைசியில் வளைவு உட்கார்ந்தபோது தரை அதிர்ந்தது. அவர் நீலக் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, எல்லாரும் தள்ளி வாங்க, மேல விழுந்துடப் போவுது" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. அத்தனை பேர் நடுவிலும் வாய்விட்டு அழுதேன். சக்களத்தி செத்ததற்கு இப்படி அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன், எடுக்கவே இல்லை. "அவரைத் திட்டாதே. அவர் வேலையை அவர் பார்த்தார்" என்றார் என் கணவர். அந்தப் பெருந்தன்மை எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. திட்டுவதற்காவது ஒரு ஆள் வேண்டாமா?

பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேர் உலையை உடைத்தோம். பாறையாகிப் போன கண்ணாடியைத் துளைக்கும் இயந்திரத்தால் பிளந்து பிளந்து வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்கும் மேற்பார்வை என் கணவர்தான். வேறு யாரும் அந்த உலையின் மேல் கை வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலை அண்ணன் என் பரிசோதனை அறைக்குள் வந்தான். கூட யாரும் இல்லை. கையில் ஓர் அட்டைப்பெட்டி. கப்பல்கார நாடு நட்புக்கு அடையாளமாக ஒரு கப்பல் நிறையக் கண்ணாடிக் குப்பி அனுப்பியிருந்தது. ஆஸ்பத்திரிகளில் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. அதில் மாதிரிக்கு ஒரு பெட்டியைச் சோதித்துச் சான்று கொடுக்கக் கருவியும் ஆளும் உள்ள அறை பக்கத்தில் இது ஒன்றுதான். வெளியே துளைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"சத்தம் கேக்குதுல்ல, அங்கதான் இருக்கார். போய்க் கேளு."

அவன் எழுந்திருக்கவில்லை. நானே கேட்டுவிட்டேன். "அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

பூசி மெழுகுவான், பிடி கொடுக்காமல் பேசுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். அவன் நேராகவே சொல்லிவிட்டான். அவனே பேசினான்.

"எந்த ஆலை எவ்வளவு கேஸ் இழுக்குதுன்னு அவங்க பக்கம் மீட்டர்ல தெரியும். நீங்க இறக்க ஆரம்பிச்சிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்கும், நாம வேற எங்கேயோ பேசி முடிச்சிட்டோம்னு. அப்பவே மூடியிருப்பாங்க. இங்க ஆஸ்பத்திரி, மின்நிலையம், வீடு எல்லாம் ஒரே நாள்ல நின்னிருக்கும். கடன் கைக்கு வர்ற வரைக்கும் எல்லா உலையும் எரியணும். அதுக்குள்ள மின்நிலையத்துக்கு மட்டும் எண்ணெய் கொண்டுவந்து சேர்த்துட்டோம். எல்லா ஆலைக்கும் இதையேதான் சொன்னோம். தங்கச்சி வீடுன்னு உனக்கு மட்டும் வேற மாதிரி சொன்னா, நான் அந்த நாற்காலியில உட்கார லாயக்கில்லாதவன்."

அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. அந்த நாள்களில் ஆஸ்பத்திரியில் விளக்கு எரிந்தது உண்மை. எங்கள் தெருவிலும் எரிந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

"மத்த ஆலைக்கெல்லாம் அமைச்சகத்துலேர்ந்து ஆள் போய்ச் சொன்னாங்க. எங்க வீட்டுக்கு எதுக்கு நீ வந்த? வேலை இருக்கு, வர முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. பொய் சொல்ல வேண்டியதே இல்லையே. நீ வரலைன்னா அவரே புரிஞ்சுக்கிட்டிருப்பாரே."

அண்ணன் அட்டைப்பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வரலைன்னா புரிஞ்சுக்குவார்னுதான் வந்தேன்" என்றான்.

பெட்டியைப் பிரித்தேன். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மதியம்வரை வேலை பார்த்தேன். வெளிச்சப் பலகையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். கொதிநீரில் போட்டு எடுத்துக் குளிர்நீரில் முக்கினேன். ஒன்றாவது விரிசல் விட வேண்டும், ஒரு குமிழாவது தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எங்கள் உலையைக் கொன்றவர்களின் குப்பி நன்றாக இருக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எல்லாம் நன்றாக இருந்தன.

அவனைக் கூப்பிட்டேன். "நல்ல குப்பி. அடிப்பாகம் எங்களுடையதைவிடச் சீரா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"என் மேல இருக்கிற கோபத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்தவன் அவன். இப்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் வேற்று நாட்டுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதே. இதே சரக்குல இன்னொரு பெட்டியை வேற ஊர்ல ஓரிடத்துக்கும் அனுப்பியிருக்கேன். அவங்களும் பார்த்துச் சொல்லட்டும். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்" என்றான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து இருந்த கோபமும் போய்விட்டது. பச்சைக் குழந்தைக்கு ஊசி போடும் மருந்துக் குப்பியில் நான் பொய் சொல்லக் கூடும் என்று என் அண்ணன் நினைக்கிறான். அப்படி நினைக்காமல் இருக்க இனி அவனால் முடியாது. அவனுக்காக எனக்கு அழுகை வந்தது.

"அனுப்பினது சரிதான்" என்றேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினேன். எடுத்துக்கொண்டு கதவுவரை போனான். அங்கே நின்று, என் கையெழுத்துக்குக் கீழே நான் எழுதியிருந்த தேதியை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வெளியே போனான்.